இரண்டாவது அலை

எனக்கு முப்பத்தெட்டு வயது முடிந்த வருடம் என் அலைச்சறுக்குப் பலகையின் மூக்கு உடைந்தது. வாங்கின கடையில் கேட்டால், புதிதாக வாங்கிவிடுங்கள் சார் என்று வாய் கூசாமல் சொன்னார்கள். ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுகிற ஒருவன் அடையாறு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறான் என்று யாரோ சொல்ல, பலகையைப் பைக்கின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு மேற்கு மாம்பலத்திலிருந்து கிளம்பினேன். சுரங்கப்பாதையில் அதோடு மாட்டிக்கொண்டு நின்றதும், பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் என் குலத்தையே விசாரித்ததும் தனிக்கதை.

ஒட்டுப்போடுகிறவனுக்கும் என் வயதுதான் இருக்கும். கையெல்லாம் பிசின் காய்ந்து வெள்ளையாக இருந்தது. பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஒட்டித் தரேன் சார். ஆனா இத்த எட்த்துக்கினு இங்க எறங்காத. மறுபடியும் மூக்கு மண்ல குத்திக்கும்."

அவன் சொன்னது சரி. நான் கோவளத்தில் கற்றுக்கொண்டவன். அங்கே அலை தூரத்திலேயே உடைந்து, களைத்து, நம்மிடம் வரும்போது ஒரு மரியாதையோடு வரும். பட்டினப்பாக்கத்தில் கரைக்குப் பக்கத்திலேயே ஆழம். அலை எதுவும் நடக்காததுபோல் உருண்டு வந்து, கடைசி நொடியில் தலைக்கு மேல் நிமிர்ந்து, முழங்கால் தண்ணீரில் மொத்தமாக விழும். விழுவதற்கு முன் காலடித் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். அலை நின்றுகொண்டிருக்கும்போதே அதற்கு அடியில் வெறும் மண் தெரியும். அந்த மண்ணின் மேல்தான் அது நம்மைப் போடும்.

அதில் அவன் ஏறுவான். உடைந்த படகுத் துண்டிலிருந்து அவனே அறுத்து, ஓரம் தேய்த்துச் செய்த நெஞ்சளவு தட்டு ஒன்று வைத்திருந்தான். அதன்மேல் குப்புறப் படுத்து, அலை நிமிரும்போது அதன் முகத்தில் குறுக்கே வழுக்கி, அது மூடிக்கொள்வதற்குள் வெளியே வந்துவிடுவான். முதல் தடவை பார்த்தபோது, செத்தான் என்றே நினைத்தேன். அவன் பத்தடி தள்ளி எழுந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். அடுத்த வாரமே எனக்கும் ஒரு தட்டு செய்து கொடுத்தான். ஒரு மாதத்தில் சார் போய் மச்சி ஆனேன்.

வாரத்தில் மூன்று நாள், விடிந்ததும் போவோம். வீட்டில் நடைப்பயிற்சி என்று சொல்லியிருந்தேன். நடைப்பயிற்சிக்குப் போகிறவன் காதுக்குள் மண்ணோடு வருவானா என்று மனைவி ஒருநாள் கேட்டாள். அதற்குமேல் கேட்கவில்லை. ஒன்பதரைக்கு நான் தரமணி ஆபீசில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஏன் போனேன் என்பதை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். அலை தூக்கும் அந்த ஒரு நொடியில் வயிறு காலியாகும். பிறகு இரண்டு நொடி, அதிகம் போனால் மூன்று நொடி, பக்கத்தில் தண்ணீர்ச் சுவர் ஓடும், காதில் எந்தச் சத்தமும் இருக்காது. மேனேஜர், அப்பாவின் சர்க்கரை, மகளின் கணக்குப் பரீட்சை ஒன்றும் இருக்காது. என் வாழ்க்கையில் நான் முழுதாக இருந்த நேரம் அந்த மூன்று நொடிகள்தான். பயமும் இருந்தது. பயம் இல்லாவிட்டால் போயிருக்க மாட்டேன்.

அவன் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். தலையை முன்னால் கொடுக்காதே, தோளைக் கொடு. விழுந்தால் எழு, எழுந்தால் ஓடு. "மூச்சு அப்பால வாங்கிக்கலாம் மச்சி. மொத அந்த எடத்த காலி பண்ணு. ஒண்ணு வந்தா பின்னாடியே இன்னொண்ணு வரும்."

இதற்கு நடுவில் நான் ஒரு காரியம் செய்தேன். நீர் விளையாட்டுக்காரர்களுக்கு என்று ஒரு மீட்புப் பயிற்சி நடந்தது. இரண்டு நாள், ஒரு நீச்சல் குளத்தில். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வகுப்பு என்றால் முதல் பெஞ்சு. கழுத்தில் அடிபட்டவனை எப்படித் தண்ணீரில் திருப்புவது, அவனுடைய இரண்டு கைகளையும் தலைக்கு மேல் சேர்த்துக் காதோடு இறுக்கி எப்படிப் பிடிப்பது, ஆளைக் கட்டித் தூக்குகிற மீட்புப் பலகை வரும்வரை அசைக்காமல் எப்படி மிதக்க வைப்பது, எல்லாம் கற்றுக்கொண்டேன். கழுத்தை அசைக்காதே, தூக்காதே, காத்திரு என்று பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். சான்றிதழும் கொடுத்தார்கள். அதை லேமினேட் செய்து அவனிடம் கொண்டுபோய்க் காட்டினேன் என்றால் என் பெருமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவன் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தான். "கொளத்துல அலையே கெடையாதே மச்சி," என்றான். நாங்கள் இருவரும் சிரித்தோம்.

கார்த்திகையில் ஒரு வாரம் மழை கொட்டி ஓய்ந்த காலை அது. முகத்துவாரத்து மணல்திட்டு உடைந்து ஆறு கடலுக்குள் சேறு கொட்டியதில் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. அலைகள் கரையை இடுப்பளவுக்கு வெட்டி, படிக்கட்டு மாதிரி நிறுத்தியிருந்தன. எங்களைத் தவிர வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு மீனவர்கள் மட்டும் இருந்தார்கள். இறங்கலாமா வேண்டாமா என்று அவன் ரொம்ப நேரம் நின்று பார்த்தான். பிறகு அவனே முதலில் இறங்கினான். நான் வற்புறுத்தவில்லை. அதை மட்டும் எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

எனக்கு இரண்டு நல்ல அலைகள் கிடைத்தன. மூன்றாவதில் அவன் ஏறினான். நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குறுக்கே திரும்ப அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அலை நீளமாக, ஒரே சமயத்தில் மூடிக்கொண்டது. தட்டு மட்டும் மேலே எகிறி விழுந்தது. பிறகு நுரைக்கு நடுவில் அவன் முதுகு தெரிந்தது.

ஓடினேன். அவன் குப்புறக் கிடந்தான். சொல்லிக்கொடுத்த மாதிரியே அவன் கைகள் இரண்டையும் தலைக்கு மேல் சேர்த்து இறுக்கி, உருட்டித் திருப்பினேன். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. இருமினான். கண் திறந்தான். "மச்சி, கய்த்து," என்றான். அவனுடைய வலது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நன்றாகப் பிடித்தது. நகம் பதிகிற பிடி.

மீனவர்கள் இருவரும் ஓடி வந்துவிட்டார்கள். இடுப்பளவுத் தண்ணீர்தான் அது. மூன்று பேர் சேர்ந்தால் நான்கு எட்டில் கரை.

"தூக்கு, தூக்கு, அடுத்தது வருது!"

"தொடாதீங்க!" என்று நான் கத்தினேன். "கழுத்த அசைக்கக் கூடாது! நான் பயிற்சி எடுத்தவன்!"

அவர்கள் நின்றுவிட்டார்கள். பிறந்ததிலிருந்து அந்த அலைக்குள் ஏறி இறங்குகிறவர்கள், மாம்பலத்திலிருந்து வந்த ஒருவன் அதட்டினான் என்பதற்காக நின்றார்கள். நான் பேசின விதம் அப்படி. வீட்டுக்கு வரும் பிளம்பரிடமும் ஆட்டோக்காரரிடமும் பேசிப் பேசிப் பழகின குரல் அது.

"சார், அலைக்கு அதெல்லாம் தெரியாது சார்!" என்றார் வயதில் மூத்தவர்.

அதற்குள் என் கால்களைச் சுற்றித் தண்ணீர் பின்னால் ஓட ஆரம்பித்துவிட்டது. முழங்காலுக்கு இறங்கியது, கணுக்காலுக்கு இறங்கியது. நான் அவன் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குளத்தில் நின்ற மாதிரி நின்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது என் முதுகில் விழுந்தது. அவனும் நானும் எங்கே போனோம் என்று தெரியவில்லை. என் தோள் மண்ணில் இடித்தது. என் கையிலிருந்து அவன் பிய்ந்து போனதை உணர்ந்தேன்.

எழுந்தபோது அவன் அந்த மண்படிக்குக் கீழே மல்லாந்து கிடந்தான். மீனவர்கள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பின்னாலேயே ஓடி அவன் கையைப் பிடித்தேன். அவன் விழித்துக்கொண்டுதான் இருந்தான். கை பிடிக்கவில்லை. ஈரத்துணி மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் எழுதிக்கொண்டே கேட்டார். "எப்படி ஆச்சு? தலையில எத்தனை தடவை அடி பட்டுச்சு?"

"ஒரு தடவை," என்றேன். "ஒரே அலை."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். யோசிக்க ஒன்றுமில்லை. பயந்தேன், பொய் சொன்னேன். "அடிபட்டதும் கை கால் ஆடிச்சா?" என்றும் கேட்டார். கவனிக்கவில்லை என்றேன். மூத்த மீனவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். என்னை ஒருதரம் பார்த்தார். வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னார். "கடல் பண்ணதுக்கு ஆளக் கை காட்டுற பயக்கம் எங்களுக்கு இல்ல சார். நீங்க வூட்டுக்குப் போங்க." அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கழுத்து எலும்பு நொறுங்கியிருந்தது. தோளை லேசாக உயர்த்துவான், பேசுவான், சிரிப்பான். கழுத்துக்குக் கீழே அவ்வளவுதான். அறுவை சிகிச்சை, மூன்று மாதம் வார்டு, பிறகு வீடு. ஹவுசிங் போர்டு குடியிருப்பில் முதல் மாடியில் ஒரே அறை. ஜன்னலில் கடல் தெரியாது, சத்தம் மட்டும் வரும்.

ஞாயிறுதோறும் போனேன். அவன் மனைவி மந்தைவெளியில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை பார்க்கிறாள். வேலைக்கு நடுவில் ஓடி வந்து, படுக்கைப்புண் வராமல் அவனைப் புரட்டிப் போட்டுவிட்டு மறுபடி ஓடுவாள். வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இந்த அண்ணா மட்டும் அன்னிக்கு இல்லன்னா என் வூட்டுக்காரரு பொணமாத்தான் வந்திருப்பாரு. தண்ணில தலயப் புட்ச்சிக்கினே நின்னாராம்," என்பாள். எனக்கென்று டீயில் இஞ்சி தட்டிப் போடுவாள். அந்த டீயை ஆறவிட்டு, கடைசியில் ஒரே மடக்கில் குடித்துவிடுவேன்.

முதலில் அறை கொள்ளாத கூட்டம். படகுக்காரர்கள், கூட வேலை செய்தவர்கள், அவன் தம்பி முறைக்காரர்கள். ஆறு மாதத்தில் குறைந்தார்கள். ஒரு வருடத்தில் நான் மட்டும்தான். உடம்பு சரியாகாதவனைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி. அவர்கள் பாசத்தில் வந்தார்கள், முடிந்தவரை வந்தார்கள். நான் வந்தது வேறு காரணத்துக்காக.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெட்கமாகத்தான் இருக்கிறது. அவன் வீட்டிலிருந்து இறங்கி நேரே கரைக்குப் போவேன். அலை நிமிர்வதைப் பார்த்தால் என் தோள் தானாகச் சாயும். அவனை அப்படிப் படுக்கையில் பார்த்துவிட்டு வந்த பத்தாவது நிமிடத்திலும் உடம்பு அதைக் கேட்டது. நான் இறங்கியதில்லை. ஆனால் கேட்டது.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் லாரி வந்து, அவன் மனைவி குடத்தோடு கீழே இறங்கினாள். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் சொல்ல நினைத்து விழுங்கினதை அன்று சொல்லிவிட்டேன். முதல் அலைக்குப் பிறகு உன் கை வேலை செய்தது. அவர்கள் தூக்க வந்தார்கள். நான்தான் தடுத்தேன். இரண்டாவது அலையில்தான் உனக்கு இப்படி ஆகியிருக்க வேண்டும். டாக்டரிடம் பொய் சொன்னேன். நான் காப்பாற்றவில்லை.

அவன் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும் மச்சி," என்றான். "அன்னிக்கு உன் கைய புட்ச்சது யாரு? நான்தான?"

அவனுக்கு நினைவிருக்கும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. அவனைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. என் குற்றத்தைப் பற்றி மட்டும்தான் யோசித்திருக்கிறேன்.

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"சொல்லி? அவளாண்ட சொன்னா உன்ன வாசப்படி ஏற உட மாட்டா. இப்போ யாரு வராங்க சொல்லு. இந்தச் செவுத்தோட எவ்ளோ நேரம் பேசுறது நானு?" மூச்சு வாங்கியது அவனுக்கு. "நீயும் சொல்லிடாத. மனசு லேசாயிடும்னு ஒளறி வச்சிடாத. உனுக்கு லேசாயிடும். எனுக்கு?"

மாடிப்படியில் அவள் குடத்தோடு ஏறி வரும் சத்தம் கேட்டது. நான் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"ஆனா ஒண்ணு," என்றான் தணிந்த குரலில். "நீ வர்றத நிறுத்தினன்னு வை, நானே அவளாண்ட சொல்லிடுவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். விளையாட்டுக்குச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா என்று அவன் முகத்தில் தேடினேன், தெரியவில்லை. அவள் உள்ளே வந்து குடத்தை இறக்கிவிட்டு, "அண்ணா, டீ போடட்டுமா?" என்று கேட்டாள். போடும்மா என்றேன்.