பின்பக்கம் பார்த்து வரைந்த மூன்று கால்கள்

என் கையெழுத்து ஒரே அளவாக இருக்காது. வரி முடியும் இடத்தில் எழுத்து சரிந்து கீழே இறங்கிவிடும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. எங்கே ர, எங்கே ற என்று இன்றும் சந்தேகம்தான். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துப் பிழைகளைத் தட்டச்சு செய்பவர் திருத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற பிழை என்னுடையது, அதில் கை வைக்க வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறையில் நாங்கள் இரண்டு பேர் வேலை செய்கிறோம். மேடம் பொறியியல் படித்தவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். பாடுகிறவர்களுக்கு ப்ரீ-ஆம்ப் செய்து கொடுக்கிறோம். மைக்கிலிருந்து வரும் மெலிந்த சத்தத்தை ஆம்ப்ளிஃபயர் எடுத்துக்கொள்ளும் அளவுக்குத் தூக்கிக் கொடுக்கிற சின்னப் பெட்டி அது. மேடம் கம்ப்யூட்டரில் சர்க்யூட் வரைவார். போர்டு தயாராகிக் கூரியரில் வரும். நான் பாகங்களை மாட்டி, ஈயம் உருக்கிச் சாலிடர் வைப்பேன். இங்கே வருவதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் மைக் செட் கடையில் பழுது பார்த்தேன். கூட்டத்தில் பேச வராது. கடையிலும் பெஞ்சுக்குப் பின்னால்தான் இருப்பேன்.

சர்க்யூட் வரைகிற மென்பொருளில் லைப்ரரி என்று ஒன்று உண்டு. அதில் புத்தகம் கிடையாது, படங்கள்தான். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சிம்பல், அதன் ஒவ்வொரு காலுக்கும் ஒரு எண். மேடம் சிம்பலில் ஒரு காலுக்குக் கோடு இழுத்தால், போர்டில் அதே எண்ணுள்ள துளைக்குச் செம்புத் தடம் போய்ச் சேரும். சிம்பலில் எண் தப்பாக இருந்தால் போர்டும் தப்பாகத்தான் வரும். இந்தச் சிம்பல்களை எங்கெங்கோ இருக்கிறவர்கள் வரைந்து பொதுவில் வைக்கிறார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், தப்பு இருந்தால் திருத்தியும் அனுப்பலாம்.

ஒரு நாள் மேடம் ஒரு டிரான்சிஸ்டரின் சிம்பலைப் பொதுவிலிருந்து எடுத்தார். அதற்கு மூன்று கால். பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று பெயர். சத்தம் பேஸ் வழியாக உள்ளே போகும்.

"அண்ணே, உங்க நோட்டுல இது இருக்குதா? ஒரு வாட்டி சரி பாத்துருங்களேன்" என்றார்.

எனக்கு ஒரு நோட்டு உண்டு. இங்கிலீஷ் படிக்க வராததால், கையில் வந்த பாகங்களையெல்லாம் படமாகவே வரைந்து வைத்திருந்தேன். அதுவரை அதை யாரும் கேட்டதில்லை. சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனேன். என் படத்தில் இடது கால் பேஸ். கம்ப்யூட்டரில் இடது கால் எமிட்டர்.

"அவுங்க தப்பா போட்டுக்குறாங்க மேடம்" என்றேன்.

"நிச்சயமாண்ணே?"

"கடையில நெறைய மாத்திக்குறேன் மேடம் இத."

எது எந்தக் கால் என்று மீட்டரை எடுத்துத் தொட்டுப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. நான் எடுக்கவில்லை. மேடம் எண்களை மாற்றினார். நம்மைப் போல் வேறு யாரும் ஏமாறக்கூடாது என்று, திருத்தியதைப் பொது லைப்ரரிக்கும் அனுப்பினார். அனுபவமுள்ள ஒரு டெக்னீஷியன் சரிபார்த்தது என்று குறிப்பு எழுதியதாக என்னிடம் சொன்னார். சில நாளில் அங்கே ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது சைக்கிளைக் கொஞ்சம் மெதுவாகத்தான் மிதித்தேன்.

நாற்பது போர்டு வந்தது. வந்த அன்று மேடம் தன் அம்மாவின் கண்ணைக் காட்டுவதற்குக் கோரிமேடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நான் முதல் போர்டை முடித்து மைக்கைச் சொருகினேன். சத்தம் நசுங்கி, தலையணைக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது. சாலிடர் வைத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கை சரியாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு புது டிரான்சிஸ்டரை எடுத்து மீட்டரில் தொட்டேன்.

கம்ப்யூட்டரில் முதலில் இருந்ததுதான் சரி. தப்பு என் நோட்டில் இருந்தது.

ஏன் என்று புரியச் சிறிது நேரம் பிடித்தது. பழுது பார்க்கிறவன் போர்டைக் கவிழ்த்து வைத்துத்தான் வேலை செய்வான். பாகம் அடியில் இருக்கும், கால்கள் அவனைப் பார்த்து நிற்கும். நான் வரைந்ததெல்லாம் அப்படிப் பார்த்து வரைந்தது. கவிழ்த்தால் இடது வலதாகிவிடும். கடையில் இதனால் எனக்கு ஒரு நாளும் குறை வந்ததில்லை, ஏனென்றால் பார்த்ததும் மாட்டியதும் ஒரே பக்கத்திலிருந்து. ஆனால் கம்ப்யூட்டர் மேலிருந்து பார்க்கிறது. நடுக்கால் மட்டும் எப்படிப் பார்த்தாலும் நடுவில்தான்.

ஒன்று செய்யலாம் என்று தெரிந்தது. மூன்று காலும் ஒரே வரிசையில் இருப்பதால், டிரான்சிஸ்டரின் தட்டையான முகத்தை மறுபக்கம் திருப்பி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும். திருப்பி மாட்டினேன். குரல் தெளிவாக வந்தது. போர்டுக்கு நான்கு டிரான்சிஸ்டர். நாற்பது போர்டிலும் அப்படியே மாட்டினேன். எப்படி மாட்ட வேண்டும் என்று காட்ட போர்டின் மேல் வெள்ளையில் அச்சடித்த அரைவட்டம் ஒரு பக்கம் பார்த்தது, என் டிரான்சிஸ்டரின் முகம் மறுபக்கம் பார்த்தது. மூடியைப் போட்டுத் திருகியதும் அது தெரியவில்லை. மேடத்திடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெட்டியை எங்களுக்கென்று வைத்துக்கொண்டோம், மற்றவை போய்விட்டன. கேட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். மேடம் என்னைப் பாராட்டினார். நான் சாலிடருக்குத் தடவுகிற ஃப்ளக்ஸ் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

பொது லைப்ரரி நினைவில் இருந்தது. அதை நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன்.

இரண்டு மாதம் இருக்கும். மதியச் சோறு கொண்டு மேடத்தின் அம்மா வந்திருந்தார். காலையில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். சொல்வதைச் சத்தமாகத்தான் சொல்வார். மேடம் சாப்பிட்டபடி கம்ப்யூட்டரில் எதையோ படித்துச் சிரித்தார்.

"அண்ணே, நம்ம சிம்பலுக்கு ஒருத்தர் எழுதிக்குறாரு. எந்த ஊரோ. போர்டு பண்ணாராம், சத்தம் நசுங்கி வருதாம். மூணு வாரமா பிரிச்சிப் பிரிச்சி மாட்றாராம். 'எனக்குப் படிப்பு கம்மி, என் கையிலதான் தப்பு இருக்கும், எங்கன்னு சொல்ல முடியுமா'ன்னு கேக்குறாரு. பாவம், சாலிடர் சரியா வெக்கத் தெரியல போல. அதப் பாருங்கன்னு எழுதிடறேன்."

அவர் தட்டத் தொடங்கினார். எனக்கு அந்த மனிதரை நன்றாகத் தெரிந்ததுபோல் இருந்தது. படித்தவர்கள் வரைந்தது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆள். அவர் சந்தேகப்பட வேண்டிய கை அவருடையது இல்லை.

"மேடம், அனுப்பாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

எங்களுக்கென்று வைத்திருந்த பெட்டியை எடுத்து மூடியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன். வெள்ளைக் கோட்டையும் டிரான்சிஸ்டரின் முகத்தையும் காட்டினேன். நோட்டையும் காட்டினேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

"இது எப்பலேர்ந்து தெரியும்ணே?"

"நீங்க கோரிமேடு போனீங்களே மேடம், அன்னிக்கு."

அவர் கை கழுவிக்கொண்டு வந்தார். "ஏண்ணே சொல்லல?"

"என்னப் போயி டெக்னீஷியன்னு எழுதினீங்க. அதான்."

"முப்பத்தொம்போது பொட்டி வெளிய போயிருக்குது. நாளைக்கு எவனாவது ரிப்பேர்காரன் தொறந்து, கோட்ட பாத்து 'சரியா' மாட்டுனான்னா?" அவருக்குக் கோபம். அது நியாயம். "நானும் கம்பெனி குடுத்த டேட்டாஷீட்ட பாக்கல. பாத்திருக்கணும்."

அவர் அம்மா பெட்டியை எட்டிப் பார்த்தார். "இன்னாடி இது, மூணு காலு பூச்சிக்கு இம்மாம் பேச்சு?"

மேடம் விளக்கினார். மேலிருந்து பார்ப்பது, கீழிருந்து பார்ப்பது என்று கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"இதுக்கா? நாக்கு மீனு ரெண்டு கண்ணும் ஒரே பக்கம். கவுத்து வெச்சிப் பாக்குறவன் குருட்டு மீனுன்னுதான் சொல்லுவான். அதுக்கு மீன் இன்னா பண்ணும்? நீ சாப்டியா தம்பி? மூஞ்சியப் பாரு, சுட்ட கத்திரிக்கா மாதிரி."

மேடத்துக்கு முதலில் சிரிப்பு வரவில்லை, பிறகு வந்தது. எனக்கு வரவில்லை. மேடம் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க, நான் இங்கிலீஷ்ல அடிக்கிறேன்" என்றார்.

நான் யோசித்துச் சொன்னேன். "உங்க கையில தப்பு இல்லீங்க. தப்பு என்னுது. டிரான்சிஸ்டர முகம் திருப்பி மாட்டுங்க. மூணு வாரம் வீணாக்கிட்டேன், மன்னிக்கணும்."

அதை அப்படியே எழுதினார். சிம்பலை முதலில் வரைந்தவருக்கும், அவர் வரைந்ததுதான் சரி என்று எழுதினார். எண்களைப் பழையபடி மாற்றி அனுப்பினார். பெட்டி வாங்கியவர்களுக்கு, உள்ளே ஒட்டிக்கொள்ள ஒரு சீட்டு அச்சடித்து அனுப்பினோம். எல்லா உறையிலும் விலாசம் எழுதியது நான்தான். என் எழுத்தில் எத்தனை போய்ச் சேர்ந்ததோ தெரியாது.

நான்கு நாள் கழித்து அந்த மனிதரிடமிருந்து ஒரு ஒலிப்பதிவு வந்தது. அதில் பேச்சில்லை. மைக்கை விரலால் இரண்டு முறை தட்டுகிற சத்தம், பிறகு ஒரு செருமல், அவ்வளவுதான். தட்டியது சுத்தமாகக் கேட்டது. மைக் செட் கடையில் நானும் அப்படித்தான் இரண்டு முறை தட்டுவேன். மேடம் மறுபடி ஒரு தடவை போட்டுக் காட்டினார்.

நேற்று மாசி மகம். வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமிகள் வந்திருந்ததால் வேலைக்கு விடுமுறை. வீட்டில் உட்கார்ந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து சரிபார்த்தேன். எந்தப் படத்தையும் அழிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் வரைகிறேன். கால் பக்கமிருந்து பார்த்ததற்குக் கீழே கண், தலைப் பக்கமிருந்து பார்த்ததற்கு மேலே கண். பாதி நோட்டு முடிந்தது. இதுவரை எல்லாம் கீழ்க்கண்தான். மீதிப் பாதி இருக்கிறது. அதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. எழுதிவிட்டேன்.

13 மார்ச் 2025, வியாழக்கிழமை.