மூன்று கட்டம் வலப்பக்கம்

கரும்பலகை பக்கமே திரும்பாமல் கிராஃப் நடத்துகிறாள் கன்னிகா. "மூணு கட்டம் வலப்பக்கம். ரெண்டு மேல. புள்ளி வையி. வெச்சாச்சா?" சித்தூர்க் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் கெஸ்ட் லெக்சரர். எதிரிலேயே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "கேக்குதா?" என்கிறாள். பிள்ளைகள் காதில் கைவைத்து, "அலோ, கேக்குது மேடம்" என்று கிண்டல் செய்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள்.

இரண்டும் என் நைனாவின் பழக்கங்கள். திருப்பதியில் பேராசிரியராக இருந்தார்; கன்னிகா அவர் மாணவி. கொரோனாவில் வகுப்புகள் ஆன்லைனுக்குப் போனபோது, சத்தியவேடு பக்கம் இவள் ஊரில் வீடியோ ஓடவில்லை. ஆட்டுக்கொட்டகை ஓரத்தில் மட்டும் பேச்சு கிடைக்கும். அதனால் வகுப்பு முடிந்ததும் இவளுக்குத் தனியாக ஃபோன் செய்து, ஒவ்வொரு கிராஃபையும் கட்டம் கட்டமாகச் சொல்வார். இவள் நோட்டில் வரைவாள்.

"ஆடு கத்திக்கினே இருக்கும்க்கா. 'அதுக்குப் புரிஞ்சிடுச்சி, உனக்கு?'ம்பாரு சார்."

என்னிடம் நைனா வேடிக்கையாகப் பேசியதில்லை. நான் பெங்களூரில் நெட்வொர்க் இன்ஜினீயர். "துன்னியா?" "துன்னேன் நைனா." அவ்வளவுதான் எங்கள் பேச்சு. இரண்டாம் அலையில் போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் ஃபோன் திரும்பி வரவில்லை. அவர் குரல் என்னிடம் ஒரு நொடிகூட இல்லை.

இவளிடம் நாற்பத்துமூன்று பதிவுகள். எனக்கு வயிறு எரிந்தது.

"ஃபோனே ரிக்கார்டு பண்ணிக்கினு இருந்திருக்குக்கா. எனக்கே அப்புறம்தான் தெரியும். எடுத்துக்கோங்க. எங்கிட்ட இருக்கிறத மட்டும் அழிச்சிடாதீங்க."

ஆசிரியர் அறையில் அவள் ஃபோனை என் லேப்டாப்பில் சொருகினேன். மிக நீளமான பதிவு ஐம்பத்தொரு நிமிடம். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன். கட், காப்பி இரண்டும் அடுத்தடுத்து நின்றன. கட் கொடுத்தால் அவளிடம் எதுவும் மிஞ்சாது. கேபிள் கோளாறு என்றால் நம்பிவிடுவாள். அம்புக்குறி கட் மேல்தான் இருந்தது.

"ஒண்ணு போட்டுப் பாருங்கக்கா, சரியா வருதான்னு."

போட்டேன். ஆடு கத்தியது. பிறகு நைனா. "கேக்குதாம்மா?"

"கேக்குது சார்." பதிவிலும் என் எதிரிலும் ஒரே நேரத்தில் சொன்னாள் கன்னிகா.

காப்பியை அழுத்தினேன்.

"மூணு கட்டம் வலப்பக்கம்," என்றார் நைனா. மேசைமேல் அவள் விரல் நகர்ந்தது. அடுத்ததை அவர் சொல்வதற்குள் இரண்டு கட்டம் மேலே ஏறி, புள்ளி வைத்துவிட்டு, அவருக்காகக் காத்திருந்தது.