அண்ணாந்து குடிக்கச் சொன்னேன்

சளிக்காய்ச்சல் என்று அப்பாவை உத்திரமேரூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். படுத்த பத்தே நாளில் நாக்கு வலுவிழந்து, பல்செட் தளர்ந்து, ஊட்டிய கஞ்சியில் பாதி கடைவாயில் வழிந்தது. துடைக்கும்போதெல்லாம் என் முகம் சுளித்தது. அதை அவர் பார்த்திருப்பார்.

எங்களிடம் இருந்தது ஒரே டம்ளர். அவர் வாய் வைத்ததில் குடிக்க எனக்கு அருவருப்பு.

"எச்சி பண்ணாத நைனா, அண்ணாந்து குடி" என்றேன்.

"முழுங்க வரலடா."

"கழனில சொம்போட தூக்கி ஊத்திக்குவியே, இப்ப இன்னா வந்துது?"

அவர் டம்ளரைத் தூக்கி ஊற்றிக்கொண்டார். தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கிவிட்டது. கண் செருகியது, உதடு நீலம் பாய்ந்தது. நர்ஸ் ஓடிவந்து அவரை முன்னால் சாய்த்து, குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார்.

"விழுங்க பலம் இல்லாதவங்க தலையைப் பின்னால சாய்ச்சா தண்ணி நுரையீரலுக்குத்தான் போகும். யார் அண்ணாந்து குடிக்கச் சொன்னது?"

மூச்சு திரும்பியதும் அப்பா சொன்னார்: "நாந்தாம்மா, தெரியாம குடிச்சிட்டேன்."

நான் பக்கத்திலேயே நின்றேன்.

இப்போது வீட்டில், நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைத் தாழ்த்தச் சொல்லி, வாய் வைத்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைக்கிறேன். தனியாகக் குடிக்கும்போது வாய் வைத்துத்தான் குடிக்கிறார்; நான் பக்கத்தில் இருந்தால் மட்டும், உதட்டில் படாமல் டம்ளரை உயர்த்தப் பார்க்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்குகிறேன்.