அர்மாஸின் எட்டு விளக்குகள்

அர்மாஸ் யாரென்று கேட்டால் ஹர்மாவாரா ஊரில் எவரும் அவர் முகத்தை அடையாளம் சொல்லமாட்டார்கள், காரின் விளக்கைத்தான் சொல்வார்கள். ஆற்றங்கரை லூவீசாவின் மூன்றாவது மகன். லூவீசாவின் அப்பா ஓர் அக்டோபர் பனியில் பாதை தெரியாமல் குதிரை வண்டியோடு ஏரிக்குள் இறங்கினார். குதிரைக்குப் புத்தி இருந்ததால் இருவரும் கரையேறினார்கள். லூவீசாவின் தம்பி, அதாவது அர்மாஸின் தாய்மாமன், பால் லாரியை ஒரே வளைவில் மூன்று தடவை பள்ளத்தில் இறக்கினார். அந்த வளைவுக்கு இன்றும் அவர் பெயர்தான். அர்மாஸின் அண்ணன் ஸ்வீடனுக்குப் போய்விட்டதால் அவர் எத்தனை பள்ளத்தில் விழுந்தார் என்பது நமக்குத் தெரியாது. ஆக, பாதையை விட்டு இறங்குவது அந்தக் குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்து. அதற்கு ஒரு முடிவு கட்டுவதென்று அர்மாஸ் எட்டு விளக்கு வைத்தார்.

இரண்டு காரோடு வந்தவை. ஆறு அர்மாஸின் அறிவோடு வந்தவை. வடதுருவத்தை ஒட்டிய லாப்லாந்தில் டிசம்பர் முழுக்கச் சூரியன் தலைகாட்டாது, பனிமான்கள் ரோட்டின் நடுவில் நின்று அசைபோடும். அதனால் எல்லோருமே முன்னால் ஒன்றிரண்டு விளக்கு கூடுதலாக மாட்டுவதுதான். ஆறு மாட்டியவர் இவர் ஒருவர். மேட்டுக்கு அப்பால் வெளிச்சம் தெரிந்த உடனே, எதிரே வருகிற வண்டி கண்ணில் படும் முன்பே, டிம் செய்துவிடுவது ஊர் மரியாதை. அர்மாஸும் டிம் செய்வார், எதிராளி செய்து முடித்த பிறகு. நாற்பது வருடத்தில் ஒரு நாளும் அவர் முந்திக்கொண்டதில்லை. மர லாரிக்காரர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் கண்ணைக் கசக்குவார்கள்.

அந்தச் சனிக்கிழமை மகன் யர்மோவின் வீட்டில் முதல் பேத்திக்கு ஞானஸ்நானம். குழந்தையை யார் மடியில் ஏந்துகிறாரோ அவர் படம்தான் இருபது வருடம் சுவரில் தொங்கும். காலையிலேயே யர்மோ போனில் சொல்லிவிட்டான்.

“அப்பா, பாதிரியம்மா மூணு மணிக்கு வராங்க. அவங்க வந்ததும் நீங்க இல்லன்னா பிள்ளைய என் மாமனார் கையில குடுத்துருவேன்.”

“அந்தத் தெற்கத்தி ஆள் கையிலயா? வெறும் ரெண்டு லைட்டோட கார் ஓட்டுறவருடா!”

“பிள்ளைய ஏந்த லைட்டு எதுக்குப்பா?”

அறுபது கிலோமீட்டர். காலையிலிருந்து பனி கொட்டுகிறது, பன்னிரண்டு மணிக்கே கிளம்பலாம் என்றாள் மனைவி கெர்ட்டு. அர்மாஸ் எட்டு விளக்கையும் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பினார். அதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது.

ஊர் எல்லை தாண்டியதும் எட்டையும் போட்டார். காருக்கு முன்னால் துவைத்த படுக்கை விரிப்பை யாரோ இழுத்துக் கட்டியதுபோல் ஆனது. விழுகிற ஒவ்வொரு பனித்துளியும் வெளிச்சத்தை அவர் முகத்திலேயே திருப்பியடித்தது. ரோடு என்று ஒன்று இருந்ததாக நினைவு மட்டும் மிஞ்சியது.

“ஏங்க, டிம் பண்ணுங்க. இது பனியத்தான் காட்டுது, ரோட்டக் காட்டல.”

“எட்டு லைட்டுலயே ஒண்ணும் தெரியல. ரெண்டுல எப்படிடி தெரியும்?”

கெர்ட்டு சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள். வலது சக்கரங்கள் ஓரத்துப் புதுப்பனியில் இறங்கி, பனியில் ரோட்டின் விளிம்பைக் காட்ட ஓரத்தில் நட்டிருந்த கம்பு ஒன்று கதவை உரசிக்கொண்டு போனபோதுதான், “பாவம், இந்தக் கம்பு எங்கயோ போகுது” என்றாள். அர்மாஸ் டிம்மைப் போட்டார். ஆறும் அணைந்தன, இரண்டு எரிந்தன.

அதுவும் பத்து கிலோமீட்டர்தான். வெளிச்சம் மங்கி மங்கி மெழுகுவர்த்தி அளவுக்கு வந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் இரண்டு விளக்கின் மேலும் பனி மெத்தை போட்டுப் படுத்திருந்தது. பழைய காரின் மஞ்சள் விளக்கு சூட்டிலேயே பனியை உருக்கித் தள்ளிவிடும். இவை சூடே இல்லாத எல்.இ.டி. விளக்குகள், பனிக்கு நல்ல விடுதி. கெர்ட்டு கேக் எடுக்கக் கொண்டுவந்த மரக்கரண்டியால் சுரண்டினாள்.

“விக்கும்போது இதச் சொன்னானா?”

“அம்பதாயிரம் மணி நேரம் எரியும்னு சொன்னான்.”

“எரியும்னுதான சொன்னான், தெரியும்னு சொல்லலையே.”

அதன்பின் ஐந்தைந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை மரக்கரண்டிக்கு வேலை வந்தது. மணி இரண்டேகால். இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர் இருந்தது. அப்போதுதான் முன்னால் மஞ்சள் விளக்கு சுழல, பனிப் புழுதியைக் கிளப்பியபடி, பனி தள்ளும் வண்டி ஒன்று மெதுவாகப் போவது தெரிந்தது. இந்த ரோட்டில் அதை ஓட்டுகிறவன் கெர்ட்டுவின் தம்பி டைஸ்டோ.

மச்சினன் என்று தெரிந்ததும் அர்மாஸுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வேகமாகப் போகச் சொல்வதற்காக எட்டையும் போட்டுப் போட்டு அணைத்தார். நாலாவது தடவை அந்த வண்டி நடுரோட்டில் நின்றது. டைஸ்டோ இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான்.

“என்ன அத்தான், சூரியன் வர இன்னும் ஒரு மாசம் இருக்கே. முன்கூட்டியே கொண்டாந்துட்டீங்க?”

“மாப்ள, மூணு மணிக்குள்ள போகணும். ஓரமா நிறுத்து, முந்திப் போயிடுறேன்.”

“தாராளமா போங்க. அடுத்த வளைவுல ஏரி இருக்கு. உங்க தாத்தா இறங்கின இடத்த நான் வேணா காட்டுறேன்.”

“டேய்!”

“அத்தான், உங்க லைட்டு என் கண்ணாடியில அடிச்சு எனக்கு ஓரத்துக் கம்பே தெரியல. கம்பு தெரியாம நான் வண்டிய எடுக்க மாட்டேன். அணைச்சுட்டு என் சிவப்பு லைட்டப் பாத்து வந்தா மூணு மணிக்குக் கொண்டுபோய் விடுறேன். இல்லையா, பிளாஸ்குல காப்பி இருக்கு. உக்காந்து குடிக்கிறேன்.”

“தம்பி, நீ போய் வண்டிய எடு. அவரு அணைச்சுடுவாரு” என்றாள் கெர்ட்டு.

“அதப் பாக்க எனக்கும் ஆசைதான்க்கா. நாப்பது வருசமா பாக்குறேன்.”

அர்மாஸ் மணியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார், மனசுக்குள்தான். அதில் சம்பந்தி பேத்தியை ஏந்திக்கொண்டு இருபது வருடம் பல்லைக் காட்டினார். அர்மாஸின் கை தானாகப் போய் டிம்மைப் போட்டது.

“பேட்டரி பாவம்” என்றார்.

டைஸ்டோ புருவத்தைத் தூக்கிவிட்டுத் தன் வண்டிக்குப் போனான். வண்டி நகர்ந்தது. என்ன அநியாயம், ரோடு தெரிந்தது! நாற்பதடி தூரம்தான், ஆனாலும் முழு ரோடு. ஓரத்துக் கம்புகளின் முனை ஒவ்வொன்றாக மினுங்கி வந்து வழிசொல்லிப் போனது. கொஞ்ச நேரத்தில் பின்னாலும் ஒரு கார், மரியாதையான தூரத்தில், டிம் வெளிச்சத்தோடு வந்து சேர்ந்துகொண்டது.

“எவனோ நம்ம தயவுல ஓசியில வர்றான்” என்று அர்மாஸ் முனகினார்.

மூன்று பத்துக்கு டைஸ்டோ யர்மோவின் வாசலைச் சுத்தமாகத் தள்ளிக் கொடுத்துவிட்டு நிற்காமல் போனான். அர்மாஸ் கதவைத் திறக்கும் முன்பே இதயம் வாசல்படி ஏறிவிட்டது. பின்னால் வந்த காரும் உள்ளே திரும்பியது. அதிலிருந்து இறங்கியவர் பாதிரியம்மா.

“உங்க பின்னாடி லைட்டப் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன் ஐயா, புண்ணியமாப் போச்சு. அதுக்கு முன்னாடி யாரோ ஒரு பைத்தியம் தூரத்துல அடிச்ச லைட்டுல பனியே தீப்பிடிச்ச மாதிரி இருந்துச்சு. நல்லவேள, அணைச்சுட்டான்.”

கெர்ட்டு கணவரைப் பார்த்தாள். கணவர் கையிலிருந்த கேக் பெட்டியைப் பார்த்தார்.

“சில பேருக்கு அறிவே கிடையாதும்மா” என்றார்.

அர்மாஸ்தான் ஏந்தினார். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைக்கூடப் பொருட்படுத்தாமல் தூங்கியது. சம்பந்திதான் படம் எடுத்தார். ஃபிளாஷ் பளிச்சென்று அடித்ததும் அர்மாஸ் முகத்தைச் சுளித்தார்.

“சம்பந்தி, அந்த லைட்ட அணைங்க. பிள்ளைக்குக் கண்ணு கூசும்ல!”

“ஒரே ஒரு லைட்டுதான சம்பந்தி” என்றார் தெற்கத்திக்காரர், பணிவாக.

சாயங்காலம் திரும்பும்போது பனி விட்டிருந்தது, நட்சத்திரம் தெரிந்தது. எட்டும் எரிந்தன. பாதி வழியில் மேட்டுக்கு அப்பால் ஒரு வெளிச்சம், கூடவே சுழலும் மஞ்சள் விளக்கு. வண்டி இன்னும் கண்ணில் படவில்லை. அர்மாஸ் டிம் செய்தார்.

கெர்ட்டு திரும்பி அவரையே பார்த்தாள்.

“என்னங்க, ஃபியூஸ் போயிருச்சா?”

“ஆமா, போயிருச்சு.”

மேட்டில் ஏறி வந்த டைஸ்டோவின் வண்டியும் டிம் செய்தது. பக்கத்தில் கடக்கும்போது ஒரு தடவை ஹாரன் அடித்தான். அவன் கடந்து போனதும் எட்டும் பளிச்சென்று எரிந்தன.

“ஃபியூஸ்?”

“அதுவா வந்துருச்சு” என்றார் அர்மாஸ்.