பதில் வராத பெயர்

காலை ஒன்பது ஐம்பது. மணி அடித்து ஓய்ந்திருந்தது. நான் முதலில் பார்த்தது வருகைப் பதிவேட்டில் இழுத்திருந்த ஒரு சிவப்பு மைக்கோடு. முன் பெஞ்சில் இருப்பவனுக்கு வாத்தியார் மேஜையில் உள்ளது தலைகீழாகத் தெரியும். தலைகீழாகப் படிக்க நான் பழகியிருந்தேன். சுப்பையா என்ற பெயரை அடித்து, மேலே பொடி எழுத்தில் லெட்சுமணன் என்று எழுதியிருந்தது. முன்னெழுத்துகளும் மாறியிருந்தன.

சுப்பையா என் அண்ணன். முப்பதுகளின் தொடக்கத்தில், காரைக்குடியில் செக்காலைப் பக்கம் இருந்த ஒரு பள்ளியில் நாங்கள் இருவரும் இரண்டாம் பாரம், அதாவது இன்றைய ஏழாம் வகுப்பு, படித்தோம். அவன் என்னைவிட ஒன்றரை வயது மூத்தவன். விஷக் காய்ச்சலில் ஓராண்டு போனதால் என் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தான்.

அந்தச் சிவப்புக் கோட்டுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பெரியாத்தா அவனைப் பிள்ளை கூட்டியிருந்தார். அப்பச்சிக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, ஒன்றுவிட்ட தமையனார் ஒருவர் இருந்து காலமாகியிருந்தார்; அவருடைய மனைவிதான் பெரியாத்தா. அடுத்த தெருவில் பெரிய வீடு, ஆண் வாரிசு இல்லை. எங்கள் பக்கத்தில் இப்படிச் சுவீகாரம் போவது அதிசயமில்லை. அப்பச்சி பர்மாவிலிருந்து வந்து, பிள்ளையைக் கொடுத்துவிட்டு, அடுத்த கப்பலில் திரும்பிவிட்டார். அந்த வீட்டுப் பாட்டனார் பெயரை அண்ணனுக்கு வைத்தார்கள். உறவு முறையில் பெரிய மாற்றம் ஏதுமில்லை. நான் அவனுக்குத் தம்பியாகவே இருந்தேன். ஆத்தா மட்டும் சின்னாத்தா ஆனாள்.

சடங்குக்கு மறுநாள் பெரியாத்தா எங்கள் வீட்டுக்கு வந்து, உட்காராமலே சொன்னார்:

"பேரு வச்சு விளக்கேத்தியாச்சு. பழைய பேரு இனிமே இந்த வீட்ல யாரு வாயிலயும் வரப்படாது. பிள்ளைக்கு ஆகாது."

ஆத்தா சரி என்றாள். சொன்னபடி நடந்தாள். புதுப் பெயரையும் அவள் சொல்லி நான் கேட்கவில்லை. அவனைப் பற்றிப் பேச வேண்டிய இடம் வந்தால் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவாள். அடுப்பில் அவ்வளவு வேலை இருக்கிறது என்று நினைத்தேன்.

வகுப்பு வாத்தியார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. வேலைக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கறுப்புக் கோட்டில் ஒரு பொத்தான் மட்டும் பழுப்பு நிறம். பெயர் கூப்பிட்டுப் பதில் வந்தால்தான் வந்ததாகப் பதிய வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை அவர் அப்படியே நம்பினார்.

"லெட்சுமணன்."

பதில் இல்லை. அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வாத்தியார் மறுபடி கூப்பிட்டார். பிறகு, "உன்னைத்தான்டா கூப்பிடறேன்" என்றார். அண்ணன் எழுந்து நின்றான். வாய் திறக்கவில்லை. பதிவேட்டில் ஆப்சென்ட் விழுந்தது.

இரண்டாம் நாளும் அப்படியே. இந்த முறை உள்ளங்கையில் இரண்டு பிரம்படி. கேட்பதற்கு முன்பே அவன் கையை நீட்டினான். வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். இடைவேளையில் பையன்கள் அவனைச் சுற்றி நின்று, "லெட்சுமணா, ராமன் எங்கடா? காட்டுக்குப் போயிட்டானா?" என்று கேட்டார்கள். அதற்கும் பதில் சொல்லவில்லை.

நாலாம் நாளிலிருந்து விஷயம் அவன் கையை விட்டுப் போனது. பேசாமல் இருந்தால் வாத்தியாரை ஒன்றும் செய்யமுடியாமல் ஆக்கலாம் என்பதைப் பின் பெஞ்சுக்காரர்கள் கண்டுகொண்டார்கள். முதலில் மூன்று பேர் பதில் சொல்லவில்லை. மறுநாள் எட்டுப் பேர். ஒருவன் பெயருக்கு இன்னொருவன் "உள்ளேன் ஐயா" என்றான். யாரோ ஆட்டுக் குரலில் சொன்னார்கள். பிரம்பு எங்கே விழுவது என்று தெரியாமல் மேஜை மேல் விழுந்தது. வாத்தியார் பேனாவை ஓங்கி ஊன்றியதில் பதிவேட்டில் மை தெறித்தது. நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

தொடர்ந்து பத்து நாள் ஆப்சென்ட் விழுந்தால் பெயரை எடுத்துவிடுவது எங்கள் பள்ளியின் வழக்கம். அண்ணனுக்கு ஏழு விழுந்திருந்தது. தினமும் முதல் மணிக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்த பையன் அவன். பெயர் போனால் அவனை ரங்கூனில் அந்த வீட்டுக் கடைக்குப் பெட்டியடிப் பையனாக அனுப்பிவிடுவதாகப் பெரியாத்தா சொல்லியிருந்தார். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழகும் வேலை அது. அடுத்த தெருவுக்குப் போனவன் கடல் தாண்டி அக்கரைக்குப் போக வேண்டியிருக்கும். எனக்கு அது அண்ணனுக்குக் கிடைக்கப்போகும் கப்பல் பயணமாகத் தெரிந்தது. கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

எட்டாம் நாள் வாத்தியார் அவனை விட்டுவிட்டு என்னை எழுப்பினார்.

"இவன் உன் கூடப் பிறந்தவன்தானே? இவனுக்கு என்ன கேடு? நீ சொல்லு."

அவன் இனிமேல் பெரியாத்தா வீட்டுப் பிள்ளை என்று வீட்டில் சொல்லிக் கொடுத்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. தவறில்லாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"முன்னாடி கூடப் பிறந்தவகங்க ஐயா. இப்ப இல்லை."

வகுப்பு முழுதும் சிரித்தது. அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. அவன் காது மடல் சிவந்ததை மட்டும் பார்த்தேன்.

சிரிப்பு திடீரென்று நின்றது. வாசலில் தலைமையாசிரியர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. அவர் வகுப்பைத் திட்டவில்லை. வாத்தியாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. என்னை மட்டும் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார்.

"வீட்ல அவனை என்னன்டு கூப்பிடுறீக?"

"கூப்பிடுறது இல்லீங்க ஐயா."

"ஆத்தா?"

"அவுகளும் கூப்பிடுறது இல்லை."

 அவர் என்னை வகுப்புக்குப் போகச் சொன்னார். அடி விழும் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு இது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை மணி அடித்தவுடன் அவர் எங்கள் வகுப்புக்கு வந்தார். எல்லோரும் எழுந்து நின்றோம்.

"உங்க வாத்தியார் ஒரு யோசனை சொன்னாரு. எனக்குச் சரின்னு பட்டுச்சு. இன்னையிலருந்து நம்ம பள்ளிக்கூடத்துல எந்த வகுப்பிலயும் பேரு கூப்பிடப் போறது இல்லை. நம்பர்தான். அவரு நம்பரைச் சொன்னா அந்தப் பய பதில் சொல்லணும்."

வாத்தியார் தலைமையாசிரியரைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பிறகு, ஆமாம் என்று தலையசைத்தார்.

பின் பெஞ்சிலிருந்து ஒருவன், இது சர்க்கார் உத்தரவா என்று கேட்டான். உட்காரடா என்று பதில் வந்தது. அதனால் அது சர்க்கார் உத்தரவுதான் என்று நாங்கள் எல்லோரும் முடிவு செய்தோம். நான் வெகு காலம் அப்படித்தான் நம்பினேன்.

வகுப்பில் முப்பத்தொரு பேர். வாத்தியார் ஒன்றிலிருந்து தொடங்கினார். தலைமையாசிரியர் போகவில்லை. வாசலில் நின்று வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டுக் குரல் வரவில்லை.

"பதினேழு."

வகுப்பு முழுதும் அண்ணன் பக்கம் திரும்பியது.

"உள்ளேன் ஐயா" என்றான் அண்ணன். எட்டு நாளுக்குப் பிறகு வகுப்பில் அவன் பேசியது அதுதான். வாத்தியார் நிமிர்ந்து பார்க்காமல் கோடு போட்டுவிட்டு, "பதினெட்டு" என்றார். அது நான்.

பழைய ஆப்சென்டுகளைத் திருத்தி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஒரு வாரம், வருகை எடுக்கும் நேரத்தில் அவருக்கு எங்கள் தாழ்வாரத்தில் ஏதாவது வேலை இருந்தது. அதற்குப் பிறகு இருக்கவில்லை. வாத்தியாரும் அந்தக் கறுப்புக் கோட்டோடு நிலைத்துவிட்டார். பிரம்பை அவர் எடுத்தது குறைந்தது. நாங்கள் அவருக்குப் பயந்ததும் குறைந்தது. ஆனால் சொன்னதைச் செய்தோம்.

எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அன்று சாயந்திரம் ஆத்தாவிடம் போய், எங்களைப் புகைவண்டிப் பெட்டிகள் மாதிரி நம்பர் போட்டுக் கூப்பிடுகிறார்கள் என்று முறையிட்டேன். என் நம்பர் பதினெட்டு என்றேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு முந்தின நம்பரு யாரு?" என்று கேட்டாள்.

பெயர் சொல்லக்கூடாது என்பது நினைவு வந்து நான் விழித்தேன். அவளே புரிந்துகொண்டாள்போல. மறுபடி கல் பொறுக்கக் குனிந்தாள்.

மறுநாள் நான் புத்தகப் பையை இறக்கி வைப்பதற்குள், "பதினேழு வந்துச்சா?" என்றாள்.

வந்தது என்றேன்.

அதன் பிறகு அந்த ஆண்டு முடியும்வரை, பள்ளிக்கூடம் இருந்த நாளெல்லாம் அதே கேள்வியைக் கேட்டாள். ஆத்தாவுக்குப் பள்ளி விவகாரங்களில் அக்கறை வந்துவிட்டது என்று நினைத்து, நான் மற்ற நம்பர்களைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன்: ஐந்துக்கு அம்மை போட்டிருக்கிறது, இருபத்திரண்டு மாடிப்படியில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். மற்ற முப்பது நம்பர்களில் ஒன்றைப் பற்றிக்கூட அவளாக ஒரு நாளும் கேட்டதில்லை.