தலைகீழ்க் கேள்விகள்

கல்வி உளவியல் துறையில் ஆராய்ச்சி மாணவியாக அவள் சேர்ந்தபோது மகள் கைக்குழந்தை. இப்போது மகள் நான்காம் வகுப்பு; அம்மா இன்னும் முனைவர் பட்டத்துக்கு அல்லாடிக்கொண்டிருந்தாள். குழந்தை மனத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் நிறைந்த துறை அது. ஆனால் வாசலில் கால் கடுக்க நிற்பவளிடம் "உட்காரும்மா" என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வராது.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் பேர் வாங்கியது ஒரே ஒரு கண்டுபிடிப்பால்: ஆசிரியரிடம் திட்டு வாங்கும் பிள்ளைக்குத்தான் தன்னம்பிக்கை வளரும். அடேயப்பா, என்ன ஞானம்! அதைச் சொல்லியே பத்து வருடமாக மாலையும் மேடையுமாக வாழ்ந்தார். மகளுடைய பள்ளிக்கூடத்தில் அந்த வரியைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். மகளோ நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் புண்ணாக்கி வைத்திருந்தாள்.

ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. கடைசி அட்டவணை ஒன்றுக்காக அவருடைய பழைய வினாத்தாள் கட்டுகளைப் பிரித்தாள். நாற்பது வாக்கியங்கள். "என்னால் முடியும்" என்பதற்கு 'ஆமாம்' போட்டால் ஒரு மதிப்பெண். "எனக்கு ஒண்ணும் வராது" என்பதற்கு 'இல்லை' போட்டால்தான் மதிப்பெண். பிள்ளைகள் படிக்காமலே வரிசையாக டிக் அடித்துவிடக் கூடாதே என்று இப்படித் தலைகீழ்க் கேள்விகளைக் கலப்பார்கள். கூட்டும்போது மறக்காமல் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். முதல் வருட மாணவிக்கே தெரிந்த சங்கதி. மகானுபாவர் திருப்பவே இல்லை; எல்லா 'ஆமாம்'களுக்கும் மதிப்பெண் போட்டுத் தள்ளியிருந்தார்! நாற்பதில் இருபத்தெட்டு தலைகீழ்க் கேள்விகள். "எனக்கு ஒண்ணும் வராது" என்று தாள் முழுக்க அழுத பிள்ளையைத்தான் தன்னம்பிக்கைச் சிங்கம் என்று எழுதி வைத்திருந்தார்.

அவள் திருப்பிக் கூட்டினாள். முடிவு குப்புற விழுந்தது. தாள்களோடு அவர் அறைக்குப் போனாள்.

"சார், மார்க் போட்டது தப்பு. திட்டு வாங்கின பிள்ளைங்கதான் ஒடிஞ்சு போயிருக்காங்க."

தாளைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. ஒரு நிமிஷம்தான்.

"அறிவிருக்கா உனக்கு? ஒரு பக்கம் ஒழுங்கா எழுதத் துப்பில்ல, எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா! இது வெளிய போச்சு, உன் பட்டத்தை மறந்துடு."

அரை மணி நேரம் காய்ச்சி எடுத்தார். வழக்கமாக இதற்குப் பிறகு அவள் கழிவறையில் போய் அழுவாள். அன்றைக்கு மகளின் விரல் நுனி கண்ணிலேயே நின்றது. கையை நீட்டினாள். அது வெடவெடவென்று நடுங்கியது.

"ஒன்பது வருஷமா உங்ககிட்ட திட்டு வாங்குறேன் சார். எங்க சார் தன்னம்பிக்கை?"

மேஜையில் கிடந்த ஆய்வேட்டைக் கையெழுத்து இல்லாமலே அவள் பக்கம் தள்ளினார்.

பட்டம் போயிற்று. அவளுக்கு அது தெரிந்தது, வலித்தது. வீட்டுக்கு வந்து, அவருடைய கண்டுபிடிப்பை அச்சிட்ட ஆய்விதழுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. எழுத்து கோணல்மாணலாக வந்தது; எண்களில் ஒரு தப்பும் இல்லை.