நான்கு டிகிரி

மேவிஸ் மலத்தைக் கண்டு முகம் சுளித்தவர் இல்லை. மராத்தி ஊரான கசார்வாடியில் நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் நர்சிங் கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக நுண்ணுயிரியலும் நோய் எதிர்ப்பியலும் நடத்துகிறார். சளி, சீழ், மலம் எதுவானாலும் கண்ணாடித் தகட்டில் நிதானமாகத் தடவுவார். மூக்கைப் பொத்தும் மாணவிகளிடம், உள்ளே இருந்தபோது வராத கூச்சம் வெளியே வந்ததும் ஏன் வருகிறது என்று கேட்பார்.

அவரால் சகிக்க முடியாத ஒன்று, துறை ஃப்ரிட்ஜில் சாப்பாடு வைப்பது. வைக்கக்கூடாது என்று மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருக்கிறார். ஒருமுறை அலுவலகத்தார் வைத்த பனீரைக் கையுறை போட்டு எடுத்து, மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் எறிந்தார். அதற்குப் பிறகும் கொத்தமல்லிக் கட்டு வரத்தான் செய்தது.

போன மார்ச்சில் ஒரு செய்முறை வகுப்பு. இரண்டாம் ஆண்டு மாணவிகள் நாற்பது பேரும் தங்கள் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி மூன்று தவணைத் தடுப்பூசியும் கல்லூரியிலேயே போட்டாகிவிட்டது. ஏப்ரலில் அவர்கள் வார்டுக்குப் போகிறார்கள். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் கையில் குத்தினால் காப்பது அந்தத் தடுப்பூசிதான்.

முப்பத்தொரு பேருக்கு ஒன்றுமே இல்லை.

சோதனையில்தான் கோளாறு என்று நினைத்து, புதுப் பெட்டி பிரித்து மறுபடி செய்தார் மேவிஸ். தன் ரத்தத்தையும் சேர்த்தார். அவருக்குச் சரியாக வந்தது, முப்பத்தொரு பேருக்கு வரவில்லை. மீதமிருந்த தடுப்பூசிக் குப்பி ஒன்றைக் குலுக்கி மேசையில் வைத்தார். கால் மணி நேரத்தில் திரிந்த பால்போல் திப்பி அடியில் இறங்கியது. ஒருமுறை உறைந்த மருந்து அப்படித்தான் காட்டும். அதன்பின் அதைப் போட்டுப் பெரும்பாலோருக்குப் பயனில்லை.

ஆய்வக உதவியாளர் கந்தசாமி எதையும் மறைக்கவில்லை.

"ஆகஸ்ட்ல இன்ஸ்பெக்‌ஷன் வந்தாங்கல்ல மேடம், பிரின்சிபால் சார் ஸ்ரீகண்ட் டப்பாவெல்லாம் இங்க வைக்கச் சொன்னாரு. கீழ ஜகா பத்தல. ஊசி மருந்த மேல ஃப்ரீஸர்ல தள்ளிட்டேன். மூணு நாளுதான். ஐஸ்ல இருந்தா இன்னும் நல்லாத்தான இருக்கும்?"

மல மாதிரி டப்பாக்கள் எங்கே இருந்தன என்று கேட்டார் மேவிஸ். பக்கத்தில்தான், மூடி போட்டிருந்தது என்றார் கந்தசாமி. இன்ஸ்பெக்‌ஷன் விருந்தில் மேவிஸும் பூரியோடு அந்தத் தயிர் இனிப்பை இரண்டு கிண்ணம் சாப்பிட்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்று வேறு சொல்லியிருந்தார். ஏழு மாதம் கழித்துத் தொட்டிக்குப் போய் வாய் கொப்பளித்தார்.

பிரின்சிபால் ஜெயந்த் கதவைச் சாத்திக்கொண்டு இந்தியில் பேசினார். மருத்துவமனை கேட்கும் பட்டியலில் தடுப்பூசி போட்டாயிற்று என்று மேவிஸ் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். போட்டது உண்மைதானே? சிலர் உடம்பு ஏற்காது என்று நீங்களே பாடம் நடத்துகிறீர்களே? பத்தில் ஒருவருக்கு அப்படி ஆகலாம், நாற்பதில் முப்பத்தொரு பேருக்கு ஆகாது என்றார் மேவிஸ். 

ஜெயந்த் ஃப்ரிட்ஜின் வெப்பநிலைப் பதிவேட்டை எடுத்து முன்னால் வைத்தார். ஆகஸ்டில் அந்த மூன்று நாளும், காலையும் மாலையும், நான்கு டிகிரி. பக்கத்தில் மேவிஸின் சுருக்கொப்பம்.

"இது பொய்யா மேடம்?"

பொய்தான். திங்கட்கிழமை காலையிலேயே வாரம் முழுவதற்கும் நான்கு என்று எழுதி ஒப்பமிடுவது மேவிஸின் வழக்கம். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்திருந்தால் முதல் நாளே டப்பாக்கள் கண்ணில் பட்டிருக்கும். ஒரே பேனாவில், ஒரே சாய்வில் நின்ற அந்த ஆறு நான்குகளையும் பார்க்கப் பார்க்க, தன் கையையே வெட்டி அந்த மஞ்சள் பையில் போடலாம்போல இருந்தது அவருக்கு. பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார். ஜெயந்த் பின்னாலிருந்து கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

நடந்ததை மாணவிகளிடம் வரிசையாகச் சொன்னார். ஸ்ரீகண்ட் வந்த இடத்தில் இரண்டொருவர் சிரித்தார்கள். பதிவேடு வந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. கட்கியிலிருந்து வரும் தமிழ்ப் பெண் கீர்த்தி மட்டும், மற்றவர்களுக்குப் புரியாத தமிழில் கேட்டாள்.

"மிஸ், நீங்க திறந்து பாக்கவே இல்லயா?"

"பாக்கல."

"எத்தன வருஷமா?"

"ஞாபகமில்ல. ரொம்ப நாளா."



அன்றே பதிவேட்டின் நகலை இணைத்து மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார் மேவிஸ். வார்டுப் பயிற்சி அக்டோபருக்குத் தள்ளிப்போனது. பெற்றோர் வாசலில் கத்தினார்கள். மேவிஸுக்கு மெமோ வந்தது, கந்தசாமியை நூலகத்துக்கு மாற்றினார்கள். ஸ்ரீகண்ட் பற்றி எந்தக் காகிதத்திலும் ஒரு வரி இல்லை.

ஏப்ரலில் புது மருந்து வந்தது. ஊசி போட இரண்டு மேசைகள். ஒன்றில் மேவிஸ், மற்றதில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஜெனிபர். எல்லாரும் ஜெனிபரின் மேசை முன்னால் போய் நின்றார்கள். இந்தப் பக்கமும் வரலாம் என்று ஜெனிபர் சொல்லிப் பார்த்தார். யாரும் அசையவில்லை.

 மேவிஸ் கையுறையைக் கழற்றிவிட்டு, நாற்காலியை ஜெனிபருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, பெயர் எழுதும் வேலையை எடுத்துக்கொண்டார். ஊசி உள்ளே போய் வெளியே வந்ததைப் பார்த்த பிறகே ஒவ்வொரு பெயரையும் எழுதினார். கீர்த்தியின் முறை வந்தபோது, அவள் கையை ஜெனிபரிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.